மூன்று அங்குலம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. போன மாதம் சாப்பாட்டு மேசையில் அண்ணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கடல் தாண்டிப் போய்ட்டு வந்தா மனுஷன் மூணு அங்குலம் சுருங்குவானா?" என்று கேட்டார். அங்கேயே பிடித்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'பசிபிக் பெருங்கடல் அன்று சீற்றத்துடன்…'

(அடித்துவிட்டேன். அண்ணி பார்ப்பதெல்லாம் காகிதம். படகில் ஏறினாலே அவருக்குத் தலைசுற்றும்.)

இரண்டாவது: ஆசியாவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் பட்டியல்களை அண்ணி ஆறு வருடமாக ஆவணக் காப்பகத்தில் லென்ஸ் வைத்துப் படித்துவருகிறார். அதில் ஒரு தச்சர் அகப்பட்டார். போய், ஊர் திரும்பி, பதினோரு வருடம் கழித்து மறுபடி போனவர். அவரை வைத்தே ஒரு புத்தகம் எழுதி முடித்தார். அது அச்சுக்குப் போகவிருந்த வாரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது.

3

பெயர், ஊர், தொழில், வயதுக் கணக்கு எல்லாம் இரண்டு பட்டியலிலும் ஒத்துப்போயின. உயரத்தை மட்டும் அண்ணி குறித்துக்கொள்ளவே இல்லை, அது யாருக்கு வேண்டும் என்று. புத்தக அட்டைக்காகப் பட்டியலின் பக்கங்களைப் படமெடுக்கப் போனபோது கண்ணில் பட்டது. முதல் பயணத்தில் ஐந்தடி ஏழு, இரண்டாவதில் ஐந்தடி நாலு. தச்சரின் பேரில் வேறு யாரோ போயிருக்கிறார்.

[இங்கே அண்ணியை அழவைக்கப் பார்த்தேன். அவர் மசியவில்லை.]

4

காலையில் பதிப்பாசிரியருக்கு அவரே போன் போட்டார்.

"அளந்தவர் தப்பா எழுதியிருப்பாரும்மா."

"அதே ரெண்டு கப்பல்லயும் போன மத்த நாலு பேர் உயரம் மாறலையே சார்."

"யாரு போய் உயரத்தைப் பாக்கப்போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு பதிலுக்காகத்தான். என் புத்தகமாக இருந்தால் கமுக்கமாக இருந்திருப்பேன். அண்ணி அச்சை நிறுத்திவிட்டு, மறுநாளே அந்தக் குட்டை மனிதரைத் தேடிக் காப்பகத்துக்குக் கிளம்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

5

முடிவு அ: தச்சர் தன் பயணக் காகிதத்தை மச்சானுக்குக் கொடுத்துவிட்டு ஊரிலேயே தங்கிவிட்டார்.

முடிவு ஆ: தச்சர் இறந்துபோனார், அவர் மனைவிதான் அதை எடுத்து ஒரு…

படித்துக் காட்டினேன்.

"மச்சான்னு எங்க போட்டிருக்கு, தம்பி? தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க."

தெரியவில்லை. நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கீழே நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். அண்ணியிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். ஆதாரம் கேட்பார்.