புதன்கிழமை போன பை

ரிஷிவந்தியத்துக் கரும்பு விவசாயி வைத்தியலிங்கம் பொய் சொல்லி அறியாதவர். அதில் அவர் மனைவி அஞ்சலாட்சிக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அன்று சென்னை விமான நிலையத்தில் அதுவே வினையாயிற்று.

இயந்திரக் கோளாற்றால் விமானம் தாமதமாக, சிங்கப்பூரில் அவர்கள் ஏறவேண்டிய சுற்றுலாக் கப்பல் புறப்பட்டுவிட்டது. பல்லாண்டாய்க் காணாத மகள் இலக்கியா அதில் தனியே போய்க்கொண்டிருந்தாள். அடுத்த துறைமுகமான பினாங்குக்குப் பயணக் காப்பீட்டில் அனுப்புவார்களா என்று கேட்கவே வைத்தியலிங்கம் தொலைபேசியில் அழைத்தார்.

"வீட்டை விட்டு என்னைக்குக் கிளம்பினீங்க சார்?" என்றாள் காப்பீட்டுக்காரப் பெண்.

"புதன்கிழமையேங்க."

"காப்பீடு வெள்ளிக்கிழமைதானே தொடங்குது? அதுக்கு முன்னாடி கிளம்பியிருந்தா பொருந்தாதுங்களே."

அஞ்சலாட்சி கைப்பேசியைப் பறித்தாள்.

"புதன்கிழமை போனது இவரு துணிப்பைம்மா! வெள்ளிக்கிழமை நாள் சரியில்லன்னு, முன்னாடியே நல்ல நேரம் பாத்து பக்கத்து வூட்ல பரஸ்தானம் வெச்சாரு. பை கிளம்பினா ஆளே கிளம்பினாப்பலயாம். ஆளு வூட்லதான் தூங்கிக்கினு இருந்தாரு!"

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "எங்கம்மாவும் அப்படித்தான் பை வெப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் படி இறங்கினது என்னைக்கும்மா?"

"வெள்ளிக்கிழமை விடியக்காலம்."

"அப்போ பொருந்தும். பினாங்குக்கு டிக்கெட் போடச் சொல்றேன்."

அஞ்சலாட்சி அழைப்பை முடித்தாள். கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிழை செய்த பிள்ளைபோல் தலைகுனிந்திருந்தார். கடிந்துகொள்ள எழுந்த சொல் நாவிலேயே கரைந்தது.

"இன்னாத்துக்கு இப்படி உக்காந்துக்கினு இருக்கீங்க? பொண்ணு அழுதுக்கினு இருப்பா. வந்துடறோம்னு நீங்களே சொல்லுங்க" என்று கைப்பேசியை அவர் கையில் வைத்தாள்.