நான்காவது தடவை

அன்றைய பேஸ்பால் ஆட்டத்தில் வெர்லின் அதற்குள் மூன்று முறை எழுந்து, மூன்று முறை உட்கார்ந்துவிட்டான். மைதானத்தின் கோடியில், மாற்று வீச்சாளர்கள் காத்திருக்கும் கம்பிவேலித் தடுப்பை ஆட்டக்காரர்கள் தொழுவம் என்பார்கள். எதிரணியில் ஒருவன் முதல் தளத்தில் கால் வைத்தாலே மேலாளர் ஹென்னெசி தொலைபேசியை எடுத்துவிடுவார். தொழுவத்துத் தொலைபேசி அலறும். வெர்லின் எழுந்து முழு வேகத்தில் முப்பது பந்து வீசுவான். அதற்குள் ஆபத்து நீங்கிவிடும். உட்காரச் சொல்வார்கள்.

இந்தப் பந்துகளை யாரும் எழுதிவைப்பதில்லை. பெரிய லீகுக்கு வந்த ஐந்து வாரத்தில் அவன் ஆட்டத்தில் இறங்கியது ஒரே முறை. நாளை அணியை இருபத்தைந்து பேராகக் குறைக்கிறார்கள். இன்று ஒருவனையாவது வெளியேற்றிக் காட்டாவிட்டால் சிறிய லீகுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருபத்தொன்பது வயதில் கீழே போனவனை மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

கடைசிச் சுற்று. தங்கள் அணி ஒரே ஓட்டம் முன்னிலை; எதிரணியில் இருவர் வெளியேறியாகிவிட்டது, இன்னும் ஒருவன் போனால் ஆட்டம் முடியும், ஆனால் மூன்று தளங்களிலும் எதிரணி ஆள். வெர்லின் நான்காவது தடவையாக வீச ஆரம்பித்தான். தொழுவத்தில் பந்து பிடிக்கும் ஓட்டோ நாலு பந்து வாங்கியதும் எழுந்து வந்தார்.

"என்னடா வீசுற? இது என்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள ஒரு சிகரெட்டே பிடிச்சு முடிச்சிடலாம்."

"பொறுங்க, கை சூடாகட்டும்."

"மூணு தடவை சூடாக்கித் தீய்ஞ்சே போச்சு. முழங்கை வலிக்குதா?"

"இல்ல."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

வெர்லின் வேலியைப் பார்த்தான். வலிக்கிறது என்றால் இறக்க மாட்டார்கள். வலிக்கவில்லை என்றால் இந்தக் கையோடு இறங்க வேண்டும். தொலைபேசி மணி அடிக்க வேண்டும் என்றும் அடிக்கக் கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டிருந்தான். எது தன் வேண்டுதல் என்று அவனுக்கே பிடிபடவில்லை.

மணி அடித்தது. வீச்சாளனைக் கேட்டால் பொய் சொல்வான் என்று மேலாளர்கள் எப்போதும் பிடிப்பவரைத்தான் கேட்பார்கள். ஓட்டோ தொலைபேசியை எடுத்துக் கேட்டு, குழலைக் கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"தயார்னு சொல்லுங்க ஓட்டோ. கெஞ்சிக் கேக்கறேன்."

"நாளைக்கு என்னைத் திட்டக் கூடாது."

"மாட்டேன்."

"தயார்," என்றார் ஓட்டோ.

மைதானத்தில் வீச்சாளன் நின்று வீசும் மேட்டில், விதிப்படி கிடைக்கும் எட்டு ஒத்திகைப் பந்துகளையும் அவன் மெதுவாகவே வீசினான். எல்லோரும் அதை நிதானம் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு, ஆட்டத்தின் பந்து. முழங்காலுக்குப் போக வேண்டியது மார்புக்கு ஏறி, சோம்பலாக மிதந்தது. வேகத்துக்குக் காத்திருந்த மட்டைக்காரன் அவசரப்பட்டுச் சுழற்றினான். பந்து நேர் மேலே போய், மூன்றாம் தளத்தைக் காக்கும் தங்கள் அணிக்காரன் கையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

"ஒரே பந்துடா!" ஹென்னெசி ஓடிவந்து அவன் வலது தோளில் அறைந்தார். "மூட்டை கட்டாதே, நீ இருக்க. நாளைக்கு ரெண்டு ஆட்டம். ரெண்டுக்கும் தயாரா இரு."

"சரிங்க," என்றான். வேறு என்ன சொல்ல முடியும்?

உடைமாற்றும் அறையில் கை சட்டைப் பொத்தான் வரை ஏறவில்லை. ஓட்டோ மறைத்து நின்று கழற்றிவிட்டார்.

"இப்பவாவது சொல்லிடுடா."

"இப்பவா? இப்பத்தானே எனக்கு இடம் கிடைச்சிருக்கு?"

நிருபர் ஒருவர் குறிப்பேட்டோடு வந்தார். "அந்த மெதுப்பந்து பிரமாதம். எங்க கத்துக்கிட்டீங்க?"

"ரொம்ப நாளாப் பழகினது," என்று வெர்லின் சிரித்தான்.

அந்தக் கை இன்னும் பதினோரு நாள்தான் உழைத்தது. அதில் ஒன்பது நாள், யாரும் எழுதிவைக்காத பந்துகளாக, வேலிக்குள்ளேயே.