சின்னப் பெயர் போட்ட பாட்டில்

"யாராவது கேட்டா பிரெஞ்சு படிக்கிறேன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத" என்றாள் அம்மா, மகளின் முகத்தைப் பார்க்காமல்.

முகத்தைப் பார்த்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால் மேஜை விரிப்பைப் பார்த்துச் சொன்னாள். வெள்ளை விரிப்பு. பையன் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்களென்று விடியற்காலையிலேயே கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது. சலவைக்கடையில் ஹோட்டல் விரிப்புகளைத் தேய்த்துத் தேய்த்துத்தான் அவள் மகளை வளர்த்தாள்.

"நான் எங்கம்மா பிரெஞ்சு படிக்கிறேன்? ஒயின்தானே படிக்கிறேன்."

"அந்தப் பாட்டில் மேல இருக்கறதெல்லாம் பிரெஞ்சுதானே? அப்புறம் அது எப்படிப் பொய்யாகும்?"

"மாத்திரை அட்டையில இங்கிலீஷ் இருக்கு. அதை முழுங்கறவங்க எல்லாம் இங்கிலீஷ் படிக்கிறாங்களா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாயாடாத. போய் முகத்தைக் கழுவு" என்றாள்.

மகள் பெரிய ஹோட்டல் ஒன்றின் உணவகத்தில் பரிமாறுகிறாள். அவளுக்கு மோப்பமும் ஞாபகமும் நன்றாக இருப்பதைப் பார்த்த ஒயின் பொறுப்பாளர், அவளை ஒரு படிப்பில் சேர்த்துவிட்டிருந்தார். பிரான்சில் பர்கண்டி என்று ஒரு பகுதி. அங்கே விளையும் திராட்சை, அதிலிருந்து வரும் ஒயின் வகைகள், எந்த நிலத்து ஒயினுக்கு எந்தப் பெயர் போடலாம் என்ற சட்டதிட்டம், எல்லாம் தலைகீழாகத் தெரிய வேண்டும். தேறினால் பொறுப்பாளருக்கு அடுத்த இடம் அவளுக்கு. அந்த ஹோட்டலில் அந்த வேலைக்கு இதுவரை ஒரு பெண் போனதில்லை.

இதற்காகச் சமையலறை அலமாரியின் ஒரு தட்டையே அவள் பிடித்துக்கொண்டாள். மிளகு, காய்ந்த காளான், ஈரமண், செருப்புத் தைப்பவரிடம் கேட்டு வாங்கிய தோல் துண்டு என்று வரிசையாக மூடி போட்ட புட்டிகள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் முகர்ந்து பெயர் சொல்வாள். வகுப்பிலிருந்து கொண்டுவரும் மிச்ச ஒயினை வாயில் விட்டு, கொப்பளித்து, பழைய குவளை ஒன்றில் துப்புவாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தாள். அந்த வாசனை அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அந்த வாசனையைத் துப்புகிற ஆளை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அவள் புருஷன் துப்பியதில்லை. அச்சகத்தில் வேலை பார்த்த மனுஷன். சம்பளத்தையும் ஈரலையும் சேர்த்துக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்த காலைகளில் அச்சக முதலாளிக்குப் போன் போட்டு, "அவருக்குக் காய்ச்சல்ங்க" என்று சொன்னவள் இவள்தான். ஊரில் எந்த மனுஷனுக்கும் அத்தனை காய்ச்சல் வந்திருக்காது. சொல்லும்போது ஒரு நாளும் நாக்கு கூசவில்லை. இன்றைக்குத்தான் கூசியது. குடித்து விழுந்தவரைக் காப்பாற்றப் பொய் சொன்னோம், சரி. படிக்கிற பெண்ணை எதற்காக மறைக்கிறோம்? இந்தக் கேள்வி அவளுக்குள் வந்துவிட்டது. வந்ததை விரிப்போடு சேர்த்து மடிப்பு நீவி அமுக்கினாள்.

"அம்மா, பீரோவுல போர்வைக்குப் பின்னால மூணு பாட்டில் நிக்க வெச்சிருக்கேன். நாளைக்கு வகுப்புக்கு. கையே வெச்சுடாத. ஆடினா அடியில இருக்கற மண்டி கலங்கிடும். வகுப்பு நம்ம வீட்டுக்குப் பக்கம்னு என்னை நம்பிக் குடுத்திருக்காங்க."

"நான் ஏன் அதைத் தொடப் போறேன்?" என்றாள் அம்மா.

சாயங்காலம் வந்தார்கள். பையனின் அப்பா ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வண்டி கிளம்பலாம், வண்டி நிற்கலாம் என்பதுபோல் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசினார். பையன் வாயே திறக்கவில்லை. அவன் பங்கையும் சேர்த்து அவன் அம்மா பேசினாள்.

"பொண்ணு பிரெஞ்சு படிக்கிறதா தரகர் சொன்னார். எங்க பக்கத்துல யாருமே படிச்சதில்ல. எங்கே, ஏதாவது சொல்லும்மா, கேப்போம்."

அம்மா விரிப்பின் ஓரத்தை நீவத் தொடங்கினாள். மகள் அவளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள்:

"ஜெவ்ரே ஷாம்பெர்தான், மொரே சான் தெனி, ஷாம்போல் முசிஞி, வூஜோ, வோன் ரொமானே, நுயி சான் ஜோர்ஜ்."

பர்கண்டியின் ஒயின் கிராமங்கள், வடக்கிலிருந்து தெற்காக. வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்து அவள் தினமும் ஒப்பிப்பது. ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தலை கால் புரியவில்லை.

"அடடா! பாட்டு மாதிரி இருக்கே! என்ன அர்த்தம்மா?"

"எல்லாம் நல்ல இடங்கள்னு அர்த்தம் சார்."

"பாத்தியா, நல்ல இடம்னு நம்மளைத்தான் சொல்லுது" என்று அவர் மனைவியைப் பார்த்துக் கண்சிமிட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். தட்டிய கை எரிந்தது. தன் பெண்ணை வித்தை காட்ட நிறுத்திவைத்தது தான்தான் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

பிறகு ஆண்கள் மொட்டைமாடிக்குப் போனார்கள். அம்மாவின் தம்பி முன்கூட்டியே பிராந்தி வாங்கி வைத்திருந்தான். சம்பந்தம் பேச வந்தவர்களை அப்படி உபசரிப்பது மரியாதை என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை, அம்மாவுக்கும் இல்லை. ஐஸும் சோடாவும் தட்டில் வைத்துக் கொடுத்தவளே அவள்தான்.

கொஞ்ச நேரத்தில் தம்பி படியிறங்கி ஓடிவந்தான்.

"அக்கா, மேல தீந்துபோச்சு. பெரியவர் காலி கிளாஸை உருட்டிக்கிட்டே உக்காந்திருக்கார். முகமே சரியில்ல. கடைக்குப் போய் வர்றதுக்குள்ள கிளம்பிடுவார் போல. வீட்ல எதுவுமே இல்லையா?"

"இல்ல" என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. கை கழுவி வருவதுபோல் உள்ளறைக்குப் போய் பீரோவைத் திறந்தாள். போர்வைக்குப் பின்னால் மூன்று பாட்டில்களும் பிள்ளைகள் மாதிரி நின்றன. இரண்டில் பெயர் நீளமாக, கோடு போட்டுக் கோடு போட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியது. மூன்றாவதில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல்: கோர்த்தோன். அதன் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ கொஞ்சம்.

பெரிய மனிதர்கள் வீட்டுப் பெயர்ப்பலகையை அவள் பார்த்திருக்கிறாள். பெயருக்கு முன்னால் நாலு, பின்னால் நாலு என்று பட்டங்கள் நீண்டுகொண்டே போகும். இது ஒற்றைப் பெயர். வால் இல்லாத பெயர். இருப்பதிலேயே சாதாரணமானது இதுவாகத்தான் இருக்கும்; போனாலும் பெரிய நஷ்டமில்லை. இதே மாதிரி ஒன்றை வாங்கி வைத்துவிடலாம். அப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லி, அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தம்பியிடம் கொடுத்தாள். அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

மகள் வறுத்த கடலைத் தட்டோடு மாடிக்குப் போனபோது அம்மா தடுத்திருக்கலாம். தடுக்க நினைத்துப் பின்னாலேயே படியேறினாள். அதற்குள் மகள் மாடிக்குப் போய்விட்டாள்.

மாடியில் ஸ்டேஷன் மாஸ்டர் சிவப்பு ஒயினில் ஐஸைப் போட்டு, மேலே சோடாவை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"காரமே இல்லையேப்பா. சாயத்தண்ணி மாதிரி இருக்கு."

மகள் தட்டை வைத்தாள். பாட்டிலைப் பார்த்தாள். தன் தாய்மாமன் எதிரே, சோடா கலக்காமல் இருந்த கிளாஸை எடுத்து, பழக்க தோஷத்தில், மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள். முகம் முழுக்க ஒரு நிமிஷம் வேறு மாதிரி ஆனது. கண்ணைத் திறந்தபோது கண் நிறைந்திருந்தது.

"என்னம்மா பண்றே?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"நான் படிக்கிறது இதைத்தான் சார். பிரெஞ்சு இல்ல. ஒயின்."

"ஒயினா? குடிக்கிற பொண்ணா நீ?"

"குடிக்கிறதில்ல சார். வாயில வெச்சு ருசி பாத்துட்டுத் துப்பிடுவேன். வேலைக்கான படிப்பு."

"பொம்பளப் புள்ள வாயில வெச்சா என்ன, குடிச்சா என்ன? எல்லாம் ஒண்ணுதான். அப்ப இந்தப் பாட்டில் உன்னுதா? வீட்டுக்குள்ள பாட்டில் ஒளிச்சு வெச்சிருக்கிற பொண்ணையா எங்க தலையில கட்டப் பாத்தீங்க?"

தம்பி அக்காவைப் பார்த்தான். மகளும் பார்த்தாள். எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல அம்மாவுக்கு அந்த நேரம் முழுசாகக் கிடைத்தது. அவள் மாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. மகள் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"குடிக்கிற வீட்ல சம்பந்தம் வெச்சுக்கற பரம்பரை இல்லம்மா நாங்க" என்று சொல்லி எழுந்த ஸ்டேஷன் மாஸ்டர் தள்ளாடினார். பையன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் தாங்கிப் படியிறக்கினார்கள். கையிலிருந்த கிளாஸை மட்டும் அவர் விடவில்லை. கீழே வந்து, மேஜையைப் பிடித்து நின்று, மிச்சத்தையும் குடித்து வைத்தார். வைத்த கிளாஸ் சாய்ந்தது. வெள்ளை விரிப்பில் சிவப்பு பரவியது.

அவர்கள் போன பிறகு தம்பியும் நழுவிவிட்டான். மகள் மாடியிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். கால் பாட்டில் மிச்சமிருந்தது. கலங்கியிருந்தது. அவள் கத்தியிருந்தால் அம்மாவால் தாங்கியிருக்க முடியும்.

"மூணு இருந்துச்சேம்மா" என்றாள் மெதுவாக. "ஏன் இதை எடுத்தே?"

"இதுலதான்... பேரு ரொம்பச் சின்னதா இருந்துச்சு. மட்டமானதுன்னு நெனச்சேன்."

மகள் அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்குவது சிரிப்பினால்தானா என்று அம்மாவுக்கு நிச்சயமில்லை.

"அங்க சட்டமே தலைகீழும்மா. சாதாரண ஒயினுக்குத்தான் எந்தப் பகுதி, எந்த ஊருன்னு நீட்டி எழுதணும். ரொம்ப ஒசந்த தோட்டம்னா அந்தத் தோட்டத்துப் பேரு ஒண்ணு போதும். தன் பேரே போதும்கறதுக்கு யார் வீட்டுப் புள்ளன்னு சொல்லிக்க வேண்டியதில்ல. வகுப்புல ஒருத்தர் விடாம எல்லாரும் இதுக்காகத்தான் காத்திருந்தோம். இன்னொண்ணு எங்கயும் கிடைக்காது."

அம்மா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. "தப்பு பண்ணிட்டேன். பாட்டிலைக் குடுத்ததை விட, மாடியில வாயை மூடிக்கிட்டு நின்னேனே, அது. உங்கப்பாவுக்காகத் திறந்த வாய் உனக்காகத் திறக்கல."

 மகள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்ததை விரலால் அளந்து பார்த்துவிட்டு, "சின்ன பாட்டில் ஒண்ணு வேணும். கழுத்து வரைக்கும் நிரப்பி மூடிட்டா உள்ள காத்து இருக்காது. நாளைக்கு வரைக்கும் தாங்கும். ஆளுக்கு ஒரு வாயாவது ருசி பாக்கலாம்" என்றாள்.

அம்மா எழுந்து பழைய மருந்து பாட்டில் ஒன்றைத் தேடியெடுத்தாள். மகள் முன்பு சொல்லிக்கொடுத்தபடி, சோப்பு போடாமல், வெந்நீர் விட்டு விட்டுக் கழுவினாள். மேஜை மேல் கறை காய்ந்துகொண்டிருந்தது. உடனே பச்சைத் தண்ணீரும் உப்பும் போட்டால் போய்விடும், காய்ந்தால் போகாது என்பது ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நாளைக்கு நானும் வகுப்புக்கு வர்றேன். எடுத்துக் குடுத்தது நான்தான்னு நானே சொல்றேன்" என்றாள், இந்த முறை மகளின் முகத்தைப் பார்த்து.

போன் அடித்தது. தரகர்.

"என்னங்க இது, அவங்க கண்டபடி பேசறாங்க! சரி விடுங்க, என் கையில வேற இடம் இருக்கு. இந்த ஒயின் கதையெல்லாம் அங்க காதுல போட வேண்டாம். பிரெஞ்சுன்னே சொல்லி வெச்சுடறேன், என்ன?"

மகள் புனலைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா ஈரக் கையைத் துடைக்காமலே போனை வாயருகே இழுத்தாள்.

"வேண்டாம். எம்பொண்ணு ஒயின் படிக்கிறா. வாயில வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடுவா. பையன் வீட்ல யார் யார் முழுங்கறாங்கன்னு நீங்க விசாரிச்சுட்டு வாங்க."