கடைசி வகுத்தல்

மரச் சிலுவையில் பேரை எழுதி முடித்த சார்லஸ், பிரஷைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான்.

"அக்கா, கீழ நம்பர் போடணும்னீங்களே. எழுதவா, வேணாமா?"

"செத்த நேரம் பொறுப்பா," என்றாள் அறிவுச்செல்வி. அப்பாவின் கால்மாட்டில் சம்மணம் போட்டு, மடியில் நோட்டை விரித்திருந்தாள்.

அப்பா அந்தோணிராஜ் வத்தலக்குண்டு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். பத்தாங்கிளாஸில் கணக்கில் கோட்டை விட்டவர். ரிட்டையரான அன்றைக்கு ஓர் எண்ணை எழுதினார்: 1234567891. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது, இது பகா எண் என்று அடித்துச் சொன்னார். சும்மா சொன்னால் ஆச்சா? சின்னப் பகா எண்களில் தொடங்கி ஒவ்வொன்றாலும் வகுத்தே பார்த்தார். ஆறு வருஷம், பதினோரு நோட்டு, மூவாயிரத்து எழுநூறுக்கு மேல் வகுத்தல். எல்லாவற்றிலும் மீதி வந்தது. தெருவே சிரித்தது, மனுஷன் அசரவில்லை.

"நான் போனா சிலுவையில இந்த நம்பரப் போடுங்க. ஆனா கணக்கு முடிஞ்சிருக்கணும். ஒண்ணு பாக்கின்னாலும் போடக் கூடாது," என்று சொல்லி வைத்திருந்தார்.

பாக்கி ஒன்றே ஒன்றுதான், 35129. அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. அதைவிடப் பெரிய எண் ஒன்று வகுத்தால் அதற்கு ஜோடியாகச் சின்னது ஒன்றும் வகுத்தாக வேண்டும், சின்னதையெல்லாம்தான் பார்த்தாயிற்றே. இன்று காலை அதை எழுதி, ஈவில் 3 என்று போட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

"செல்லுல தட்டுனா ஒரு நொடியில சொல்லிரும்ல தாயி? சாமியார் வர்ற நேரமாச்சு," என்றார் சித்தப்பா மோகன்குமார்.

"செல்லுக்கு என்ன சித்தப்பா, அது சொல்லிரும். அப்பா கையால போட்டாருல்ல."

மூன்றுக்குப் பக்கத்தில் ஐந்து போட்டாள். ஒன்று. நான்கு. மீதி பூஜ்யமாக வந்துவிட்டால்? ஆறு வருஷமும் மண்ணாகப் போகுமே! கடைசியாக மூன்று போட்டுப் பெருக்கிக் கழித்தாள். திரும்ப ஒரு தடவை சரிபார்த்தாள்.

தலைமாட்டில் இருந்த அம்மா செபாஸ்தியம்மாள் அழுகையை நிறுத்தியிருந்தாள். "மீதி வருதாடி?"

"வருதும்மா. இருபத்தொம்பதாயிரத்து நானூத்தி நாப்பத்தி நாலு."

"அம்புட்டா!" என்றாள் அம்மா. அழுத முகத்தில் அப்படியொரு பெருமை. கூடியிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "கேட்டீங்களா? எங்க வீட்டுக்காரரு சொன்னது சரி."

அறிவுச்செல்வி பேனாவை மூடி அப்பாவின் சட்டைப் பையில் செருகினாள். வாசலில் சார்லஸ் ஒவ்வோர் இலக்கமாக எழுதிக்கொண்டு வந்தான். அம்மா எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"கடைசி ஒண்ண நேராப் போடுப்பா. அவரு கோணலா எழுத மாட்டாரு."