கீழிருந்து ஏறிய அந்தி

ரிஸ்வான் டவர் கிரேன் ஓட்டுபவன். தஞ்சோங் பகாரில் எழும்பும் கட்டடத்துக்கும் மேலே தொங்கும் கண்ணாடி அறைதான் அவன் ஆபீஸ். போன ரமலானில் டெங்குக் காய்ச்சல் பாதி நோன்பைத் தின்றுவிட்டது. இந்த வருஷம் ஒன்றுகூடத் தவறாது என்று கீழக்கரையில் இருக்கும் மனைவி அஃப்ரீனிடம் சொல்லியிருந்தான். பெருநாளுக்கு இன்னும் இரண்டோ மூன்றோ நோன்புதான் பாக்கி.

தினமும் நோன்பு திறப்பதற்குள் இறங்கிவிடுவான். அன்றைக்குக் கடைசி இரும்புக் கட்டு தாமதமாக வந்து தொலைத்தது. அதைத் தூக்கி வைத்து நிமிர்ந்தபோது கைபேசியில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது.

கூடவே வாக்கி டாக்கியும் கரகரத்தது. கீழே நின்று கிரேனுக்கு சிக்னல் கொடுக்கும் பரமசிவம். பள்ளிவாசல் கஞ்சியை வாங்கி வைத்துக்கொண்டு, ரிஸ்வான் நோன்பு திறக்காமல் தானும் தொடாத மனுஷர்.

"பாய், இங்க விளக்கெல்லாம் போட்டாச்சு. வாயில ஏதாச்சும் போடு."

தொண்டை காய்ந்து கிடந்தது. பேரீச்சம்பழத்தை உள்ளங்கையில் வைத்தான். பழத்துக்குப் பக்கத்தில், விரல் நுனிவரை நீண்டு, ஒரு நிழல்.

நிழலா? திரும்பினான். மேற்கே ஜூரோங்குக்கு அப்பால் சூரியன் நகக்கண் அளவு மிச்சமிருந்தது.

"அண்ணே, இங்க இன்னும் பொழுது சாயல."

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது. "உனக்கு மட்டும் சூரியன் ஓவர்டைம் பாக்குதா லா?"

கடிகாரம் சாப்பிடு என்றது. ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் சூரியனைக் கண்ணால் பார்த்தாயிற்றே, அது மறையாமல் எப்படித் திறப்பது? பழத்தை அப்படியே வைத்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தான்.

தூரத்தில் லிட்டில் இந்தியா விளக்குகளோடு மங்கிக் கிடந்தது. அங்கே அந்தி வந்துவிட்டது. இங்கே இன்னும் தொடங்கவில்லை. எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிகளில் செம்மை ஒவ்வொரு மாடியாக அணைந்தது, தொட்டியில் தண்ணீர் ஏறுவது போல. கிழக்கே சாங்கிப் பக்கம் கடலுக்கு மேல் ஒரு நீலப் பட்டை எழும்பியது. அது பூமியின் நிழல்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்து, உடம்பு சிலிர்த்தது.

அம்மா இதை மசங்குற நேரம் என்பாள். பரமசிவத்துக்கு விளக்கு வைக்கிற நேரம். அவனுக்கு மஃரிப் தொழுகை நேரம். எல்லாமே நேரத்தின் பெயர்கள். அந்தி இப்படி மாடி மாடியாக ஏறி வரும் என்று யாரும் சொன்னதில்லை. இருட்டு வானத்திலிருந்து இறங்குவதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

கிரேனின் மஞ்சள் கம்பிகள் சாம்பலாயின. அந்தி அவன் காலைத் தொட்டது, மடியைத் தொட்டது. உள்ளங்கை நிழல் கரைந்தது. கிரேனின் நீண்ட கை நுனியில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு நின்று, அதுவும் போயிற்று.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கடித்தான். இத்தனை தித்திப்பான பழத்தை அவன் தின்றதில்லை.

"அண்ணே, இங்கயும் அந்தி வந்துருச்சு. இப்பக் கஞ்சியக் குடிங்க."

"ஆறிப்போச்சு பாய். பரவால்ல. வந்தது எப்படி இருந்துச்சுன்னு இறங்கி வந்து சொல்லு."

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தபடியே ரிஸ்வான் ஏணியில் கால் வைத்தான்.