மயில் நெருப்பு

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நம் தங்கை குட்டியை இன்று சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். தூங்குகிறாள். ஆனால் அவள் நெஞ்சுக்குள் இன்னும் யாரோ விசில் ஊதுகிறார்கள்.

அப்பா பட்டறையிலிருந்து கொண்டு வரும் துண்டுப் பலகைகளை எரித்துத்தானே வீட்டைச் சூடாக்குகிறோம்? சாயம் பூசின துண்டு விழுந்தால் தீ பச்சையும் நீலமுமாக ஆடும். "மயில் வந்தாச்சு, ஓடி வா குட்டி!" என்பார் அப்பா. அவளும் அடுப்புக்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்து கைதட்டுவாள்.

நேற்று டாக்டர், "வீட்ல என்ன எரிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"நல்லா காஞ்ச விறகுதான் டாக்டர்" என்றார் அப்பா.

அப்பாவுக்குப் பலகையும் விறகும் ஒன்றுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று மத்தியானம் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். புதிதாகச் சேர்ந்த தச்சர் குளிர் காய ஒரு நீலப் பலகையை நெருப்பில் போட்டார். அப்பா பாய்ந்து போய் அதை வெளியே இழுத்துப் போட்டார்.

"யோவ், கூறு இருக்காய்யா உனக்கு? சாயப் பலகைப் புகை நெஞ்ச அரிச்சிடும். நாங்கல்லாம் பிள்ளகுட்டிக்காரங்க!"

"கோவிச்சுக்காதண்ணே. அப்போ இந்தத் துண்டெல்லாம் எங்கதான் போகுது?"

அப்போதுதான் அப்பா என்னைப் பார்த்தார். சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வாசல் வரை கூடவே வந்தார். "ரெண்டு துண்டு எரிச்சா ஒண்ணும் ஆயிடாதும்மா. விறகுக்கு நான் எங்க போவேன், சொல்லு? அம்மாகிட்ட உளறி வைக்காத."

அவருக்குத் தெரியும் அக்கா. எல்லாம் தெரிந்துதான் அவளைக் கிட்டக் கூப்பிட்டிருக்கிறார்.

படுக்கும்போது குட்டி கேட்டாள்: "அப்பா, காலையில மயில் வருமா?"

"வராம எங்க போகும்? என் செல்லம் வீட்டுக்கு வந்துடுச்சுல்ல!"

எழுந்து போய்ப் பார்த்தேன். காலையில் பற்றவைக்க அடுப்பில் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். மேலே அந்த நீலப் பலகை. ஓரம் கருகியிருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்துப்போய்ப் பின்பக்கத் தொட்டியில் அமுக்கினேன். கை விறைத்துவிட்டது. திரும்பினால் கதவருகே அப்பா. எவ்வளவு நேரமாக நின்றாரோ. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விடிந்தால் வீடு சில்லிட்டுக் கிடக்கும். பலகை ஏன் நனைந்தது என்று அம்மா கேட்பாள். அப்பா இருக்கும்போதே சொல்லப் போகிறேன். நீ போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள் அக்கா.