புது லைனில் வந்த கேள்வி

நவம்பர் 3, 2025, திங்கள். நேற்று சர்வரில் இரண்டாவது இன்டர்நெட் லைனை மாட்டியதும், லாட்ஜுக்குள் இருந்தபடியே புக்கிங் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிட்டேன். வெளியிலிருந்து திறக்கிறதா என்று பார்க்கவில்லை. என் தப்பு.

இவ்வளவையும் எழுதிவிட்டு வினோதினி டைரியை மூடினாள். பகலில் செங்கம் ரோட்டு லாட்ஜில் வரவேற்பு மேசை, மாலையில் நெட்வொர்க் வகுப்பு என்று ஓடுகிறவள். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பழைய லைன் திணறும், இன்னொன்று போடலாம் என்று சொன்னவளே அவள்தான். இப்போது புது லைன் வழியாக வருகிற யாருக்கும் பக்கம் திறக்கவில்லை.

"சாயந்திரத்துக்குள்ள ஓடலன்னா சர்வர சென்னை கம்பெனிகிட்ட குடுத்துடறேம்மா. நீ ரூம் சாவி குடுக்கற வேலைய மட்டும் பாரு," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் முதலாளி காசி.

கேபிளை மாற்றினாள். முகவரியைச் சரிபார்த்தாள், தன்மேல் நம்பிக்கையில்லாமல் மறுபடியும் சரிபார்த்தாள். பிறகு போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பக்கத்தைத் தட்டிவிட்டு, லைனுக்கு ஒன்றாகச் சர்வரில் இருந்த இரண்டு நெட்வொர்க் கார்டுகளிலும் என்ன ஓடுகிறது என்று திரையில் பார்த்தாள்.

பக்கத்தைக் கேட்டு போன் அனுப்பிய கேள்வி புது கார்டில் உள்ளே வந்தது. பதிலோ பழைய கார்டில் வெளியே போனது!

"அண்ணா, ஆப்ட்டுடுச்சு!"

மேனேஜர் அருள்ராஜ் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார். "இன்னா ஆப்ட்டுது, பேயா?"

"பதில் தப்பு லைன்ல போவுதுண்ணா. பௌர்ணமிக்கு வேலூர் ரோடு தற்காலிக பஸ் ஸ்டாண்டுல எறங்கினவர, திரும்பறப்போ செங்கம் ரோடு ஸ்டாண்டுல ஏத்திவிட்டா இன்னா ஆவும்?"

"வேலூர்க்காரரு பெங்களூருல எறங்கி நம்மள திட்டுவாரு."

"அதேதான்! வந்த லைன்லயே பதில் போவணும்."

போன வாரம் வகுப்பில் படித்ததுதான். ஒவ்வொரு கார்டுக்கும் தனியாக ஒரு வழி அட்டவணை, வந்த கார்டிலேயே பதிலை அனுப்பச் சொல்லும் ஒரு விதி. அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். என்டர் தட்டினாள்.

அருள்ராஜ் போளூரில் இருக்கும் மனைவிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

"தெறந்துடுச்சுங்க! ரூமெல்லாம் ஜோரா கீது. என்னிய ஒரு நாளாவது தங்க வெச்சிருக்கீங்களா?"

வினோதினி நாற்காலியை விட்டுத் துள்ளினாள். அருள்ராஜின் சட்டையெல்லாம் டீ.

சாயங்காலம் வந்த காசி தன் போனில் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். "சென்னைக்காரங்கள வேணான்னுடறேன். சர்வர் உன்கிட்டயே இருக்கட்டும்."

வகுப்புக்குக் கிளம்புமுன் அவள் டைரியில் எழுதினாள்: நாளை காலை முதல் வேலை, இந்த விதிகளை நிரந்தரமாக எழுதி வைக்க வேண்டும். சர்வர் ஒருமுறை அணைந்தால் இப்போது போட்டவை போய்விடும்.